அந்தக் கேள்வியை இந்தத் தைக்குள் நிறுத்துங்கள்

கேமரன் மலைக் கம்போங் ராஜாவில் இருக்கும் என் உறவுகளே, புளூவேலித் தோட்டத்து லயத்தில் பிறந்து இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, கோயில் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களே,

தை பிறக்கப் போகிறது. மார்கழி முடியட்டும் என்று காத்திருக்கும் வீடுகளில் ஜாதகங்கள் இப்போதே கைமாறத் தொடங்கிவிட்டன. பையன் எங்கே வேலை, பெண் எதுவரை படித்தாள், குடிப்பழக்கம் உண்டா, வீட்டுக் கடன் எவ்வளவு என்று எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, பேசுகிறவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறார். "அதெல்லாம் சரி... அவுங்க என்ன ஆளுங்க?"

சாதி என்ற சொல்லை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்ல வெட்கப்படுகிறோம். அதனால் 'ஆளு' என்கிறோம். வெட்கப்படும் அளவுக்கு அது தவறு என்று மனசுக்குத் தெரிகிறது. தெரிந்தும் கேட்கிறோம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். யாரும் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் தானாக மாறிவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள். என் தாத்தாவும் அப்படித்தான் சொன்னார். நான் இப்போது தாத்தா.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி இல்லை, ஒரு பழி இருக்கிறது. எனக்கு இருபத்தேழு வயதில், எங்கள் வீட்டுப் பையன் ஒருவனுக்குச் சம்பந்தம் பேசப் பெண் வீட்டுக்குப் போனோம். பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பியவர்கள். தேநீர் வந்தது. டம்ளரை எடுப்பதற்கு முன்பே எங்கள் பெரியவர் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பெண்ணின் அப்பா ஒளிக்காமல் சொன்னார். எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் டம்ளரைத் தொடவில்லை. ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள். நான் படித்தவன். சாதி பொய் என்று மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவன். அன்று வாயைத் திறக்கவில்லை. ஆவி அடங்கி ஆறிப்போன அந்த ஏழெட்டு டம்ளர்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. அந்தப் பெண் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார். பசார் மாலாமில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்பார். எனக்குத்தான் தலை நிமிராது.

எங்கள் பெரியவர் திரும்பி வரும்போது சொன்ன சமாதானத்தை இன்றும் எல்லா வீட்டிலும் கேட்கிறேன். "நாம என்ன, சாதி பார்க்கிறவங்களா? ஒண்ணா வேலை செய்றோம், ஒண்ணா சாப்பிடுறோம். கல்யாணத்துக்கு மட்டும்தான்."

கல்யாணத்துக்கு மட்டும்தான். இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் சாதியின் முழு உயிரும் இருக்கிறது. 1916ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது மாணவராக அம்பேத்கர் ஒரு கட்டுரை படித்தார். தொழில், சாப்பாடு, தீட்டு என்று சாதிக்குப் பலர் பல அடையாளம் சொன்ன காலம் அது. அவர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒன்றைக் காட்டினார்: தனக்குள்ளேயே மணமுடிப்பது. அதுதான் வேர், மற்றவை அதன் கிளைகள் என்று நிறுவினார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 2013இல், ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து இந்திய மக்களின் மரபணுவை ஆராய்ந்தார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவின் பல்வேறு கூட்டத்து மக்கள் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் கதவை அடைத்துக்கொண்டார்கள். சுத்த ரத்தம் என்று எவரும் நெஞ்சை நிமிர்த்த இடமில்லை. எல்லோரும் கலந்து பிறந்தவர்களின் பிள்ளைகள்.

ஆகவே, சாதி ஆதியிலிருந்தே இருக்கிறது, சாமி வைத்தது என்று சொல்லாதீர்கள். அதற்குத் தொடக்கம் உண்டு. நான்கு வருணங்களும் சேர்ந்து வருவது ரிக் வேதத்திலேயே ஓரிடத்தில்தான்: பத்தாம் மண்டலத்துப் புருஷ சூக்தத்தில். அந்தப் பத்தாம் மண்டலமே வேதத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பது அறிஞர் கணிப்பு. அந்தப் பாடலில் தீண்டாமை இல்லை. இன்னாரை இன்னார் மணக்கக் கூடாது என்ற விதியும் இல்லை. அவை பின்னால் மனு முதலியோரின் தரும நூல்களில் வந்து சேர்ந்தன. அந்த நூல்கள் அடிப்படையாக வைத்ததும் நான்கு வருணம்தான். நாம் கல்யாணத்தில் விசாரிப்பதோ ஆயிரக்கணக்கான சாதிகளில் ஒன்றை. வேதத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, வேதத்தில் இல்லாத ஒன்றைக் காவல் காக்கிறோம்.

நம் தமிழ் மண்ணிலேயே இதன் தடத்தைப் பார்க்கலாம். புறநானூற்றில் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் சிறந்த குடிகளாக எண்ணிச் சொல்லும் நால்வரில் துடியனும் பாணனும் பறையனும் இருக்கிறார்கள். பறை கொட்டியவன் அன்று பாட்டில் ஏறிய பெருமைக்குரியவன். சங்க காலத்தில் இழிவே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில பாட்டுகளில் அதன் நிழல் விழுந்திருக்கிறது. ஆனால் அதே பெயர் தஞ்சைப் பெரிய கோயிலில், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளில், 'பறைச்சேரி' என்று தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் அங்கே இருக்கிறது. இடையில் என்ன நடந்தது? நிலம் சிலர் கைக்குப் போயிற்று. அந்த நிலத்தில் உழைக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் வேறெங்கும் போய்விடாதபடி கட்டிப்போடப் பிறப்பு என்ற கயிறு வசதியாக இருந்தது. அதன் மேல் தருமம் என்று எழுதி ஒட்டினார்கள். பின்னால் வெள்ளைக்காரன் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தான். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எந்தச் சாதி மேலே, எந்தச் சாதி கீழே என்று வரிசைப்படுத்தவே முயன்றார்கள். நாங்கள் இன்னும் மேலே என்று மனு எழுதவே சங்கங்கள் முளைத்தன. இன்று நம்மில் பலர் ஆண்ட பரம்பரை என்று பேசும் பேச்சுக்கு வயது அவ்வளவுதான்.

தேயிலையோடு வாழ்ந்தவர்களுக்கு, சாதி மனிதர் செய்தது என்பதைப் புரியவைக்க நூல் தேவையில்லை. தேயிலை இடுப்பு உயரச் செடி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நமக்குத் தெரியும், அது மரம். கவாத்து வெட்டாமல் விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டி ஓங்கி வளரும். கொழுந்து கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காக வெட்டி வெட்டிக் குட்டையாக்கி வைத்திருக்கிறோம். மனிதரில் ஒரு கூட்டத்தையும் அப்படித்தான் வெட்டி வைத்தார்கள். வெட்டியவர்களே பிறகு, அது பிறவியிலேயே குட்டை என்றார்கள்.

அந்தக் குட்டையாக்கும் கத்தியிலிருந்து தப்பிக்கத்தான் நம் பாட்டன் பூட்டன் கப்பல் ஏறினார்கள். எல்லோரும் செல்வம் தேடி வந்தவர்கள் இல்லை. பஞ்சம் துரத்தியவர்கள், பண்ணையாரிடம் அடிமைப்பட்டவர்கள், தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாமில் காத்திருந்து பினாங்குக்கு வந்தார்கள். ரஜுலா கப்பலில் நெருக்கியடித்து வந்தவர்களுக்குத் தீட்டுப் பார்க்க இடம் ஏது? ஆனால் கூடவே கங்காணியும் வந்தார். தன் ஊரிலிருந்து தன் சொந்தக்காரர்களையும் தன் கீழிருந்தவர்களையும் சேர்த்தே அழைத்து வந்தவர் அவர். ஊரின் மேல்கீழ் அவரோடு சேர்ந்தே இறங்கியது. பல தோட்டங்களில் இன்ன ஆட்களுக்கு இந்த லயம், இன்ன ஆட்களுக்கு அந்த லயம் என்று பிரித்தார்கள். கீழே வைக்கப்பட்டவர்களை மாரியம்மன் கோயில் வாசலில் நிற்க வைத்தார்கள். சாவு வீட்டுப் பறைக்கு மட்டும் அழைத்தார்கள். துரைக்கும் அது வசதி. பிரிந்து கிடக்கும் கூலிகள் சேர்ந்து நின்று சம்பளம் கேட்க மாட்டார்கள்.

கப்பல் ஏறாதவர்கள் கதையையும் மறக்காதீர்கள். நம் முன்னோர் பலர் விட்டுவந்த அதே தஞ்சைச் சீமையில், கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலியை உயர்த்திக் கேட்ட, சேரியில் பிறந்த விவசாயக் கூலிகளின் குடும்பத்தார் அவர்கள். நம்மில் எத்தனை பேருடைய பாட்டி, கப்பலில் இடம் கிடைத்ததால் மட்டும் அந்தக் குடிசைக்கு வெளியே பிழைத்தாரோ! அந்தப் பாட்டியின் பேரன் இன்று காரின் பின்கண்ணாடியில் சாதிப் பெயரை ஒட்டிக்கொண்டு ஓட்டினால், அவன் யாரை இழிவுபடுத்துகிறான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

இந்த மலைக்கு 1929ஆம் ஆண்டு முக்கியமானது. அந்த ஆண்டுதான் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று பலர் உறுதி எடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி, ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் பேசினார். இங்கிருந்து சிம்பாங் பூலாய்ப் பாதையில் இறங்கினால் வரும் அதே ஈப்போ. தேயிலையும் சாதி மறுப்பும் இந்த மலையை ஒரே ஆண்டில் நெருங்கின. தேயிலையை மலை முழுக்க வளர்த்துவிட்டோம். மற்றதை எங்கே போட்டோம்?

நடுவில் ஒரு காலம் நம்மைச் சேர்த்து வைத்தது. அது கொடுமையான காலம். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போனான். காலரா சாதி கேட்கவில்லை. இறந்தவர்களை ஒரே குழியில் போட்டார்கள். அதே நாட்களில் நேதாஜியின் படையில் எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. 1943இல் ஜான்சி ராணிப் படையில் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி தூக்கினார்கள். பக்கத்தில் நிற்பவள் என்ன ஆளு என்று யாரும் கேட்கவில்லை. சாவு பக்கத்தில் வந்தபோது நம்மால் முடிந்தது, கல்யாணம் பக்கத்தில் வரும்போது ஏன் முடியவில்லை?

பக்தியுள்ளவர்களே, உங்களிடம் தனியாகப் பேச வேண்டும். நானும் உங்களில் ஒருவன். கீதையில் கண்ணன் வருணத்தைக் குணத்தோடும் செயலோடும் சேர்த்துப் பேசுகிறான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நல்லது. அப்படியானால் பையனின் குணத்தையும் செயலையும் விசாரியுங்கள். அவன் தாத்தாவின் லயத்தை ஏன் விசாரிக்கிறீர்கள்? முருகன் கோயிலில் வள்ளி திருக்கல்யாணம் நடத்துகிறோம். மாப்பிள்ளை சிவபெருமான் மகன். பெண் தினைப்புனம் காத்த குறவர் வீட்டுப் பெண். சீர் வரிசை தூக்குகிறோம், மொய் எழுதுகிறோம், மனம் உருகுகிறோம். சாமி செய்தால் திருக்கல்யாணம், நம் மகள் செய்தால் மானக்கேடா? அறுபத்து மூவரில் கைகூப்பி நிற்கும் நந்தனாரையும் நினைத்துப் பாருங்கள். தில்லைக்குள் நுழைய அவரைத் தீயில் இறங்கச் சொன்னது கதை. தடுத்து நிற்பவர்களை அல்லவா தீயில் இறங்கச் சொல்லியிருக்க வேண்டும்? அந்தக் கணக்கை இன்னும் நாம் தீர்க்கவில்லை. குறளைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பிறப்பில் எல்லா உயிரும் ஒன்று என்ற அதன் முடிவை மட்டும் சம்பந்தம் பேசும்போது மறந்துவிடுகிறோம்.

இனி நான் கேட்பதைச் செய்யுங்கள்.

பெற்றவர்களே, பிள்ளை தானே ஒருவரைக் கூட்டிவந்தால் உட்கார வைத்துப் பேசுங்கள். உழைப்பு உண்டா, நாணயம் உண்டா, கை நீட்டி அடிக்காதவனா என்று கேளுங்கள். சம்பந்தம் பேச வருகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்டால், "அது எங்க வீட்டில் பேசுறதில்லீங்க" என்று சொல்லுங்கள். ஒரு சம்பந்தம் போகலாம். போகட்டும். அந்தக் கேள்வியோடு வரும் சம்பந்தம் அந்தக் கேள்வியையே உங்கள் பேரப்பிள்ளைக்குச் சீதனமாகக் கொண்டுவரும்.

கோயில் பெரியவர்களே, திருவிழா உபயத்தைச் சாதிவாரியாகப் பிரிக்கும் வழக்கம் எங்கே மிச்சமிருந்தாலும் இந்த ஆண்டோடு முடித்துவிடுங்கள். சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுங்கள். மடைப்பள்ளிக்குள் யார் போகலாம், கரகம் யார் தூக்கலாம் என்பதற்குப் பிறப்பு ஒரு நிபந்தனையாக இருக்க வேண்டாம். கோயில் வாசலில் சாதிச் சங்கத்தின் பதாகைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

தம்பி தங்கைகளே, உங்கள் மைகார்டில் சாதி இல்லை. இந்த நாட்டின் அரசமைப்பு 8ஆம் விதியில், குடிமக்களிடையே சட்டம் பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் வம்சாவளியும் ஒன்று என்று எழுதியிருக்கிறது. உங்கள் பாட்டனுக்குக் கிடைக்காத அந்தச் சுத்தமான காகிதம் உங்கள் கையில் இருக்கிறது. சினிமாப் பாட்டுக் கேட்டு அதில் நீங்களே சாதியை எழுதிக்கொள்ளாதீர்கள். 'நம்ம ஆளுங்க' என்ற பெயரில் வாட்ஸ்அப் குழு இருந்தால், காரணத்தைச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். விரும்பிய பெண்ணை வீட்டார் மறுத்தால் அவளைத் தெருவில் நிறுத்திவிட்டு அம்மா பேச்சைக் கேட்ட நல்ல பிள்ளையாகாதீர்கள். நான் அன்று அந்தப் பெண் வீட்டில் ஒரு நல்ல பிள்ளையாக வாய்மூடி இருந்தேன். அந்த நல்ல பெயரில் ஒரு சுகமும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கசக்கும். நம் பாட்டிகள் கொழுந்து பறித்த சரிவுகளில் இன்று வங்காளதேசத்துப் பையன்களும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் வேலை செய்கிறார்கள். நாம் விட்டுவந்த லயங்கள் போன்ற இடங்களில் நெருக்கியடித்துத் தூங்குகிறார்கள். அவர்கள் கடைக்குள் வந்தால் நாம் ஒதுங்குகிறோம், நாற்றம் என்கிறோம், காசைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைக்கிறோம். காட்டோரம் வாழும் செமாய் மக்களையும் இளக்காரமாகப் பார்க்கிறோம். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் நம்மவர்க்குத் தனிக் குவளை வைத்தவனின் கண் நம் முகத்தில் எப்போது வந்து உட்கார்ந்தது? சாதி என்பது அந்தக் கண்தான். கல்யாணத்தில் அதை மூடிவிட்டுக் கடையில் திறந்து வைத்தால் பயனில்லை.

முடியுமா என்று மலைக்காதீர்கள். அசையாது என்று நினைத்தவை எல்லாம் அசைந்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. கங்காணிமார் ஆள் பிடித்து அனுப்புவதை 1938இல் இந்தியா தடுத்தது. துரை போனார், கங்காணி போனார், லயத்து வரிசையும் போயிற்று. கங்காணி ஏற்றிவந்த மூட்டையில் மிச்சம் இருப்பது இந்த ஒரு கேள்விதான். அதை நிறுத்தச் சட்டமும் தேவையில்லை, போராட்டமும் தேவையில்லை. அது உங்கள் வாயில் இருக்கிறது.

இந்தத் தையில் உங்கள் வீட்டுக்கும் சம்பந்தம் பேச வருவார்கள். தேநீர் போட்டுக் கொடுங்கள். நம் மலைத் தேயிலை, நல்ல திடமாக. எல்லோரும் டம்ளரை எடுக்கட்டும், நீங்களும் எடுங்கள். பேச்சு நல்லபடியாகப் போகும்போது, பழைய பழக்கத்தில் அந்தக் கேள்வி உங்கள் நாக்கு நுனி வரை வரும். வரும், எனக்குத் தெரியும். சூடு ஆறுவதற்குள் ஒரு வாய் குடித்து அதை விழுங்கிவிடுங்கள்.